மூச்சு முட்டும் இரவும் அதற்குப் பிறகு வரும் 90 நாட்களும்

இரவு ஒன்றரை மணி. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் நல்ல தூக்கத்திலிருந்து திடுக்கென்று எழுந்து உட்காருகிறார். மூச்சு முட்டுகிறது. கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, காலைத் தொங்கப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தேவலை போல இருக்கிறது. திரும்பப் படுத்தால் திரும்பவும் அதே கதை. இருமல் வேறு. நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று சத்தம். "வீசிங் மாதிரி இருக்குப்பா" என்கிறார் மகன். "ராத்திரியில பரோட்டா வேண்டாம்னு சொன்னா கேட்டாத்தானே, கேஸ்தான் இது" என்கிறார் மனைவி. சோடா வருகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. இதயத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. நெஞ்சு வலிக்கவே இல்லையே!

எத்தனையோ வீடுகளில் நடக்கிற காட்சிதான் இது. இதற்கு மருத்துவத்தில் அக்யூட் ஹார்ட் ஃபெயிலியர் என்று பெயர். தமிழில் 'திடீர் இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயரில் இருக்கும் இரண்டு சொற்களுமே ஆளைத் தவறான பக்கம் அனுப்பி வைப்பவை.

முதலில் 'செயலிழப்பு'. இதைப் படித்ததும் இதயம் நின்றே போய்விட்டது என்று தோன்றும். அப்படி நின்று போவது கார்டியாக் அரெஸ்ட். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொண்டு, தசையில் ஒரு பகுதி செத்துப் போவது ஹார்ட் அட்டாக். ஹார்ட் ஃபெயிலியர் இந்த இரண்டும் இல்லை. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்புக்குத் தேவையான ரத்தத்தைச் சரியாக வாங்கித் தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை. 'இதயத் தளர்ச்சி' என்று சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். டாக்டர் வாயிலிருந்து 'ஃபெயிலியர்' என்ற சொல் வந்ததும் வராண்டாவில் அழ ஆரம்பிக்கிறார்களே, அதுவும் குறைந்திருக்கும்.

அடுத்தது 'திடீர்'. இதுதான் பெரிய ஏமாற்று. மூச்சு முட்டியது திடீரென்றுதான். ஆனால் நோய் பெரும்பாலும் அன்றைக்கு வந்தது இல்லை. மூன்று மாதமாகவே மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றிருப்பார். சாயங்காலமானால் செருப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருக்கும். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சும்மா இருந்திருப்பார்கள். (புதிதாக வந்த ஹார்ட் அட்டாக்கினாலோ, வால்வு கிழிந்ததாலோ நிஜமாகவே ஒரே நாளில் வருவதும் உண்டு. அது எண்ணிக்கையில் குறைவு.) திடீரென்று வந்தது என்று நினைப்பதால்தான், நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் திடீரென்று போய்விடும் என்றும் நினைக்கிறோம். மூச்சு முட்டிய இரவைக் காட்டிலும் இந்த நினைப்பு அதிகம் பேரைக் கொல்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன? இதயத்தின் இடது பக்கம் நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. அந்தப் பக்கத்துத் தசை தளர்ந்து போனாலோ, விறைத்துப் போய் விரிய மறுத்தாலோ, வந்த ரத்தம் முழுவதும் முன்னால் போகாது. பின்னால் தேங்கும். மழை நாளில் சாக்கடை அடைத்துக்கொண்டால் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் மேலே வருமே, அந்த மாதிரி. தேங்குகிற இடம் நுரையீரல். அங்கே உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து காற்றுப் பைகளுக்குள் இறங்குகிறது. அந்த நீரில் காற்று புகுந்து வருவதுதான் கீச் கீச் சத்தம். மோசமான நிலையில் இளஞ்சிவப்பு நுரையாகவே வாயில் வரும்.

படுத்தால் ஏன் அதிகமாகிறது? பகல் முழுக்கக் காலில் தேங்கியிருந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி இதயத்துக்கு வருகிறது. ஏற்கெனவே திணறுகிற இதயத்துக்கு இன்னும் கொஞ்சம் பாரம். அதனால்தான் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எழுப்பிவிடுகிறது. காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது சும்மா ஏதோ தோன்றியதால் இல்லை. உடம்பே கண்டுபிடித்த வைத்தியம் அது!

இந்த நாடகத்தில் சிறுநீரகத்தின் வேஷம்தான் வேடிக்கை. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும் 'ஐயோ, உடம்பில் தண்ணீரே இல்லை போல' என்று அது தப்புக் கணக்குப் போடுகிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்க ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே வெள்ளம், இதில் மதகையும் அடைத்தால்? கால் வீக்கம், வயிறு உப்புதல், எடை ஏறுதல் எல்லாம் இதன் விளைவுதான். ஆக, இது இதயம் மட்டும் சம்பந்தப்பட்ட வியாதி இல்லை. இதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் வியாதி. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரி முக்கியம்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்வது நம்ம ஊர்ப் பாமரர்களின் குணம் என்று யாராவது நினைத்தால், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதையைப் படிக்க வேண்டும். 1944-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கு விடாத இருமல், களைப்பு, மூச்சு வாங்கல். அவருடைய சொந்த டாக்டர் ராஸ் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர். ஃப்ளூ, மார்ச்சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஆனா விடாமல் நச்சரித்த பிறகு, மார்ச் மாத இறுதியில் பெதெஸ்தா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய டாக்டர் அவரைப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது. நுரையீரலின் அடியில் நீர்ச் சத்தம். ஹார்ட் ஃபெயிலியர்!

உலக யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த மனிதருக்கே இந்தக் கதி.

புரூயென் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அன்றைக்கு அவர் கையில் இருந்தது டிஜிடாலிஸ் என்ற பழைய மருந்து. 1785-லேயே இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் எழுதி வைத்த செடி மருந்திலிருந்து வந்தது. அதோடு ஓய்வு, உப்புக் குறைத்த சாப்பாடு, எடைக் குறைப்பு, தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். மெக்கின்டயர் முதலில் மறுத்தார். பெரிய டாக்டர்களைக் கூட்டி விவாதித்த பிறகே டிஜிடாலிஸ் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தெளிந்தது, இருமல் நின்றது, ஜனாதிபதி நிம்மதியாகத் தூங்கினார். அதோடு புரூயென் கைகழுவிவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அந்த ஒரு வருடத்தில்தான் நார்மண்டிப் படையெடுப்பு, நான்காவது முறை தேர்தல், யால்டா மாநாடு எல்லாம் நடந்தன. 1945 ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்தது மூளை ரத்தக் கசிவினால். அப்போது அழுத்தம் 300/190. அதைக் குறைக்க உருப்படியான மாத்திரை எதுவும் அந்தக் காலத்தில் கிடையாது. புரூயென் இந்த விவரங்களை 1970-ல்தான் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இன்றைக்கு நம் கையில் அதைவிட எவ்வளவோ இருக்கிறது. மூச்சு முட்டி வருபவரை அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் நிமிர்ந்து உட்கார வைப்பார்கள். (ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்து ஓட்டிப் போவதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.) ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன். அதிலும் திணறினால், இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் மெஷின். 2008-ல் பிரிட்டனில் 1069 பேரை வைத்து நடந்த ஆய்வில் இந்த மெஷின் மூச்சுத் திணறலைச் சீக்கிரம் குறைத்தது தெரிந்தது. ஆனால் சாவு எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ரத்த அழுத்தம் எகிறியிருந்தால் நைட்ரோகிளிசரின். ஈ.சி.ஜி. எடுத்து ஹார்ட் அட்டாக்கா என்று பார்ப்பார்கள். அதுவாக இருந்தால் அடைப்பைத் திறக்கும் வேலை முந்திக்கொள்ளும். வீசிங்கா இதயமா என்று குழப்பமாக இருந்தால் பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை உதவும். எக்கோ எடுத்தால் தசை, வால்வு எல்லாம் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் கதாநாயகன் யாரென்று பார்த்தால், ஒரு பழைய மலிவான ஊசி. ஃபுரோசமைடு. லாசிக்ஸ் என்றால் எல்லா நர்சுக்கும் தெரியும். 1960-களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனி கொண்டுவந்தது. அந்தத் தப்புக் கணக்குப் போடும் சிறுநீரகத்தின் கதவை வலுக்கட்டாயமாகத் திறந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. புதிய நோயாளிக்கு 20 முதல் 40 மில்லிகிராம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு, அவருடைய தினசரி அளவுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ ஊசியாக. போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் எவ்வளவு போகிறது, ஆறு மணி நேரத்தில் எத்தனை மில்லி வந்திருக்கிறது என்று பார்த்து, போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்கின்றன 2021-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். யோசித்துப் பாருங்கள், இதற்குத் தேவை சிறுநீர் அளக்கும் ஒரு குடுவையும் அதைக் குறித்து வைக்கும் ஒரு ஆளும். கோடி ரூபாய் மெஷின் இல்லை.

இங்கே நம்ம ஊர் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உடம்பு அசதி என்றால் "ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா சரியாயிடும்". தெருமுனை கிளினிக்கில் சலைன் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடந்த திருப்தி. தளர்ந்த இதயக்காரருக்கும் அசதிதான் முதல் அறிகுறி. அவரும் போய்ப் படுக்கிறார், பாட்டில் ஏறுகிறது. சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அரை லிட்டர் பாட்டிலில் நாலரை கிராம். ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே மணி நேரத்தில், நேராக ரத்தத்தில், ஏறக்குறைய ஒரு நாள் உப்பு, கூடவே அரை லிட்டர் தண்ணீர். அன்று இரவு ஒன்றரை மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்தால் ஆச்சரியமில்லை. வாந்தி பேதியில் உயிர் காக்கும் அதே பாட்டில் இங்கே உயிருக்கு உலை வைக்கும். கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும், கேட்டதும் ஏற்றிவிடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, லாசிக்ஸ் வேலை செய்தது. நாலைந்து லிட்டர் நீர் போனது. மூன்றாம் நாள் நோயாளி இட்லி கேட்கிறார், ஐந்தாம் நாள் நடக்கிறார், ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டில் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். எல்லோருடைய மனசிலும் படம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் இடைவேளை.

கேரளாவில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 ஆஸ்பத்திரிகளில் ஹார்ட் ஃபெயிலியர் என்று சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நடுத்தரக் காலம் 6 நாட்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 8.5 பேர். மூன்று வருடத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பேர். பிற்பாடு இந்தியா முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைப் பதிவு செய்த தேசியப் பதிவேட்டின் முடிவுகள் 2022-ல் வந்தன. அதில், சேர்ந்து 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர். சராசரி வயது அறுபதுதான். மேல்நாடுகளில் இது எழுபதைத் தாண்டியவர்களின் வியாதி. இங்கே பேரன் பேத்தி எடுக்கும் வயதில் வந்துவிடுகிறது. காரணங்களில் முதலிடம் மாரடைப்பு வகை நோய்களுக்கு, நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். சிறு வயதில் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளம்பெண்கள், கர்ப்ப காலத்தில் மூச்சு முட்டி வருவது இன்னொரு தனிக் கதை.

திருவனந்தபுரம் பதிவேட்டில் இன்னொரு எண் இருக்கிறது. அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். இதயத் தசை பலவீனமானவர்களில், தேவையான மருந்துகள் எல்லாமே எழுதப்பட்டு டிஸ்சார்ஜ் ஆனவர்கள் நூற்றுக்கு 25 பேர் மட்டுமே. தேசியப் பதிவேட்டில் கொஞ்சம் தேறி, நூற்றுக்கு 47 அல்லது 48. அதாவது வெள்ளத்தை இறைத்துவிட்டோம். உடைந்த மதகைச் சரிசெய்யாமலே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

மருந்துக் கம்பெனிகளும் இதே தப்பைத்தான் செய்தன. அந்த முதல் இரண்டு நாளில் கொடுக்க ஒரு மந்திர ஊசி கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று பல வருடம் தேடினார்கள். 2001-ல் அமெரிக்காவில் நெசிரிட்டைடு அனுமதி பெற்றது. 2011-ல் 7141 பேரிடம் சோதித்தபோது சாவையும் குறைக்கவில்லை, மறு அட்மிஷனையும் குறைக்கவில்லை. செரிலாக்சின் என்ற மருந்தை 6500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு அதே ஏமாற்றம். லாசிக்ஸை ஊசியாகப் போடுவதா, சொட்டுச் சொட்டாக ஏற்றுவதா என்று 308 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் கெட்டுப்போன ஒன்றை 48 மணி நேரத்தில் சரிசெய்ய நினைத்தால் வேறென்ன நடக்கும்?

வேலை செய்தது எது தெரியுமா? பார்க்கக் கொஞ்சம்கூட கவர்ச்சியில்லாத ஒரு விஷயம். 2022-ல் லான்செட் இதழில் ஸ்ட்ராங் எச்.எஃப். என்ற ஆய்வு வெளியானது. 14 நாடுகள், 1078 நோயாளிகள். புது மருந்து எதுவுமே கிடையாது. ஒரு பாதிப் பேருக்கு அந்தந்த ஊர் வழக்கப்படி சிகிச்சை. மறுபாதிப் பேருக்கு, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த மாத்திரைகளை டிஸ்சார்ஜுக்கு முன்பே பாதி அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றினார்கள். 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் கூப்பிட்டு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்தார்கள். அவ்வளவுதான். 180 நாட்களில் இறந்தவர்கள் அல்லது ஹார்ட் ஃபெயிலியரால் மறுபடி அட்மிட் ஆனவர்கள்: வழக்கமான சிகிச்சையில் 23.3 சதவீதம், நெருக்கமாகப் பார்த்துக்கொண்ட பக்கம் 15.2 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த ஊசிகள் சாதிக்காததை நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்ததே சாதித்துவிட்டது! 1944-ல் புரூயென் ஒரே ஒரு நோயாளிக்குச் செய்ததும் இந்த மாதிரிதான்.

அந்த மாத்திரைகளும் இன்று எட்டாக்கனி இல்லை. பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில் வகை எல்லாம் பழசு, மலிவு. நாலாவதாக வந்த டாபாகிளிஃப்ளோசின் முதலில் சர்க்கரை மாத்திரையாகத்தான் வந்தது. இதயத்துக்கும் நல்லது என்று பிறகுதான் தெரிந்தது. 2020-ல் அதன் முக்கியக் காப்புரிமை முடிந்ததும் இந்தியக் கம்பெனிகள் நிறைய தயாரிக்க ஆரம்பித்து விலை சரிந்தது.

பிறகு எங்கேதான் இடிக்கிறது?

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். எக்கோ அளவுகள், ரத்தப் பரிசோதனை எண்கள், கடைசியில் ஒரு மூலையில் 'ஒரு மாதம் கழித்து வரவும்'. எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, எது பின்னால் மாறும் என்று ஒரு வரி இருக்காது. நோயாளிக்கோ உடம்பு நன்றாகிவிட்டது. நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை? மாசக் கடைசியில் காசு இல்லாதபோது முதலில் நிற்பது இதுதான். லாசிக்ஸ் போட்டால் பஸ்ஸில் போகும்போது ஒன்றுக்கு முட்டுகிறது என்பதற்காகவே கல்யாணம், காதுகுத்து நாட்களில் நிறுத்துபவர்கள் உண்டு. பெண்களிடம் இது அதிகம், நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேளையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் வழி சொல்வார். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அப்புறம் முட்டி வலி. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்குவது. இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி வைக்கும், லாசிக்ஸின் வேலையைக் கெடுக்கும். "வெறும் வலி மாத்திரைதானே" என்பதால் டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். இதோடு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று பக்கத்தில் நாலு அப்பளம் வைத்தால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்? இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உப்புக்குப் பதில் என்று கடைகளில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க வீட்டிலேயே இருக்கும் கருவி எடை மெஷின். காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன் ஏறி நின்று காலண்டரில் குறித்து வைத்தால் போதும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டுவதற்குப் பல நாள் முன்பே அது காட்டிக் கொடுத்துவிடும். அந்த நாளில் ஒரு போன் செய்தால் மாத்திரை அளவை மாற்றி முடிந்துவிடும். இரவு ஒன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ் தேட வேண்டியதில்லை. எடை மெஷினின் விலை, தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஒரு நாள் வாடகையை விட எவ்வளவோ குறைவு.

ஆனால் அந்தப் போனை எடுப்பது யார்? இங்கேதான் நம் ஏற்பாடு முழுவதும் தலைகீழாக இருக்கிறது. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் கட்டிலில் படுத்திருக்கும் நாட்களுக்குத்தான் பணம் தருகின்றன. வீட்டுக்குப் போன பிறகு வாரா வாரம் வந்து பொட்டாசியம் பார்ப்பதற்குத் தருவதில்லை. மறுபடி மூச்சு முட்டி அட்மிட் ஆனால் மறுபடி தரும்! ஆஸ்பத்திரிக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வேலைக்குப் போகாமல் கூட உட்கார்ந்திருக்கும் மகளுக்கு.

டாக்டர்கள் பக்கத்து நியாயமும் உண்டு. காலையில் புறநோயாளிப் பிரிவில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் ஒரு அரசு டாக்டரிடம், ஒவ்வொருவருக்கும் நாலு மாத்திரையைப் படிப்படியாக ஏற்று என்று சொல்வது எளிது. ரத்த அழுத்தம் தாழ்ந்துவிடும், கிரியேட்டினின் ஏறிவிடும் என்ற பயமும் நியாயமானதே. ஒரு மாதம் கழித்துத்தான் நோயாளி வருவார் என்றால் யாரும் அளவை ஏற்றத் துணிய மாட்டார்கள். ஸ்ட்ராங் எச்.எஃப். ஆய்வில் துணிந்தார்கள் என்றால், ஒரு வாரத்தில் பார்க்கப் போகிறோம் என்ற தைரியத்தில்தான். ஆக, மாத்திரையும் மறுபரிசோதனையும் தனித்தனி இல்லை. இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

இதற்கு டாக்டரே வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பி.பி., சர்க்கரை மாத்திரைகளைக் கையில் கொடுத்தார்கள். வீட்டு வாசல் வரை போக முடியும் என்பது அதில் தெரிந்துவிட்டது. அந்தப் பையில் ஒரு எடை மெஷினும், ஹார்ட் ஃபெயிலியரில் டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பெயர்ப் பட்டியலும் சேர வேண்டும். முதல் ஆறு வாரம் மட்டும், வாரம் ஒரு தடவை. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், கையில் ஒரு போன், எடை ஏறியவர்களின் பட்டியல். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்பார். பொட்டாசியமும் கிரியேட்டினினும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து அனுப்பினால் முடிந்தது.

அதுவரைக்கும், வீட்டில் யாராவது இந்த வியாதியோடு டிஸ்சார்ஜ் ஆனால் பில் கட்டும் கவுண்டருக்குப் போவதற்கு முன் வார்டு டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்றைக்கு இவருடைய எடை எவ்வளவு? எந்த மாத்திரைகளை நிறுத்தவே கூடாது? ஒரு மாதம் கழித்து என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு வாரத்தில் எந்தக் கிழமை வரலாம்?